அமரர் ஊர்தியில் பதினான்கு துப்பாக்கிகள்: ஒரு திருத்தம்

பிளம் லேக்,
வெள்ளிக்கிழமை மாலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. வெண்டெல் ப்ராட் அவர்களுக்கு,

பிளம் லேக் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிப்பவளும், பறக்கும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் பள்ளி அணிக்குச் செயலாளருமான லின்னியா ஓஸ்ட்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் அத்தை கெர்டா ஓஸ்ட்பியும் நலம். முழங்கால் அறுவைக்குப் பிறகு தாங்கள் ஊன்றுகோல் இல்லாமல் அஞ்சல் நிலையம் வரை நடந்து போனதைப் பார்த்து மகிழ்ந்தோம். தங்கள் வாரப் பத்திரிகையை ஏழு வயதிலிருந்து முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கத்துச் சோள விதை விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் வாசித்து வருகிறேன். கீழே நான் கொஞ்சம் காரமாக எழுதியிருந்தால் அது அந்த மரியாதையைக் கழித்துவிட்டு அல்ல, வைத்துக்கொண்டே எழுதியது.

விஷயம் இதுதான். நேற்றைய இதழின் நான்காம் பக்கத்தில், ஷெரிப் காவல் அலுவலகப் பதிவுகள் என்ற பகுதியில், தபால்காரரை வாத்து துரத்திய செய்திக்குக் கீழே இப்படி வந்திருக்கிறது: “சனி. நெடுஞ்சாலையில் செல்லும் அமரர் ஊர்தியில் பதினான்கு துப்பாக்கிகள் இருப்பதாகத் தொலைபேசித் தகவல். காலை 7.40-க்கு ஊர்தி நிறுத்தப்பட்டது. ஓட்டியவர் பெண்.” ஐயா, இதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. ஆனால் எல்லாம் சேர்ந்து நின்றால் என் அத்தை வங்கியைக் கொள்ளையடித்துவிட்டுச் சவப்பெட்டிக்குள் ஒளிந்து போனது போல இருக்கிறது. இன்று காலை ரொட்டிக் கடையில் ஒருவர் என்னிடம், இப்போதெல்லாம் மேலே போகிறவர்களும் ஆயுதத்தோடுதான் போகிறார்களா என்று கேட்டார். முதியோர் இல்லத்திலிருந்து திரு. அர்விட் ஹோம்குவிஸ்ட் அத்தையைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் தன் இறுதிச் சடங்குக்கு எல்லா ஏற்பாடும் முன்கூட்டியே செய்து வைத்திருப்பவர். அப்படி ஒரு வசதி இருப்பதைத் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

இதையெல்லாம் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வரும் வியாழனுக்கு அடுத்த திங்களன்று பள்ளிக் குழு கூடுகிறது. எங்கள் துப்பாக்கிகளை அத்தை இனியும் ஏற்றிச் செல்லலாமா என்று வாக்கெடுக்கப் போகிறார்கள். கூடாது என்றால் அணி அன்றோடு முடிந்தது. காரணம் எளிது. பள்ளி வளாகத்துக்குள் நாங்கள் துப்பாக்கியைக் கொண்டு போக முடியாது, காரின் டிக்கியில் வைத்துப் பூட்டியிருந்தாலும் சரி. பள்ளிப் பேருந்து வளாகத்திலிருந்துதான் கிளம்புகிறது. சுடுகளமோ நாற்பது மைல் தள்ளி. ஆகவே பிள்ளைகள் ஒரு வண்டியிலும் துப்பாக்கிகள் வேறு வண்டியிலும் போயாக வேண்டும். மே மாதச் சனிக்கிழமையில் எந்த அப்பா அம்மா விதைப்பை விட்டுவிட்டு வருவார்கள்? அத்தைக்கு முன்னால் பெற்றோர் முறை வைத்து ஓட்டிய காலத்தில் ஒருவர் வேறொரு சுடுகளத்துக்குப் போய் அங்கே நாள் முழுக்கக் காத்திருந்தார். இன்னொருவர் துப்பாக்கியைப் பின் இருக்கையில் பளிச்சென்று வைத்துவிட்டு இறங்கி ஆம்லெட் சாப்பிடப் போனார்.

இரண்டு வருடமாக அத்தைதான். இந்த ஊரின் ஒரே ஈமச் சேவை நிலையம் அவருடையது என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் இருக்கும் நீளமான வண்டி அமரர் ஊர்தி ஒன்றுதான். அதற்குத் தனி டிக்கி கிடையாது, உட்காருகிறவரும் படுத்திருப்பவரும் ஒரே அறை, ஆகவே இப்படிப்பட்ட வண்டிக்கு எங்கள் மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்று அத்தை என்னிடம் கேட்டார். சட்டப் புத்தகம் வாசிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. அதற்கென்றே செய்த பையில் முழுவதும் மூடி இருக்க வேண்டும். அந்தப் பை ஜிப் இழுத்தோ, பொத்தான் அழுத்தியோ, பக்கிள் மாட்டியோ, கயிறு கட்டியோ, வேறு எவ்விதத்திலேனுமோ அடைக்கப்பட்டிருக்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் ஆளுக்கொரு பையை மடியில் வைத்துத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அத்தையிடம் இதை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, இதில் எது போதும் என்று அவர் கேட்கவில்லை. பதினான்கு பைகளுக்கும் ஜிப் இழுத்து, பக்கிள் மாட்டி, அதன் மேல் கயிறும் கட்டி, முடிச்சில் சின்னப் பூட்டும் போட்டார்.

அதற்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் மடக்கித் திறந்து, தோட்டா அறையில் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். கண்ணால் பார்த்தது போதாதா என்று எங்கள் அணியின் ட்ரெண்ட் நைகார்ட் ஒருமுறை கேட்டான். “இருவத்தாறு வருசமா நான் பாக்கற வேலையில, ஆள் போயிட்டாரான்னு கண்ணால மட்டும் பாத்து முடிவு பண்றதில்ல” என்றார் அத்தை. தோட்டாப் பெட்டி தனி. அது இரும்பு, அதற்கு வேறு பூட்டு, அது முன்னிருக்கையில் என் காலடியில். பைகளின் சாவி அத்தையின் கழுத்துச் சங்கிலியில், பெட்டியின் சாவி அவருடைய இடது காலணியில். பள்ளிக் கொடிக்கம்பம் கண்ணில் படும் தெருவுக்குள்கூட அவர் வண்டியைத் திருப்ப மாட்டார். அஞ்சல் நிலைய வாசலில் நிறுத்துவதும் சட்டப்படி கூடாது என்பதால், அன்று காலை ஓர் இரங்கல் அட்டையைத் தபாலில் போட நான் மூன்று தெரு ஓடினேன்.

சனிக்கிழமை நாங்கள் கிளம்பும்போது மணி ஏழு. ட்ரெண்டின் பையில் ஜிப் பிய்ந்திருந்தது. அப்பா வண்டியில் அது சும்மாதான் கிடக்கும், யாரும் கேட்பதில்லை என்றான். அத்தை தன் சொந்தப் பையைக் கொடுத்து மாற்ற வைத்தார். ஒன்பது மணிக்குள் சுடுகளத்தில் பெயர் கொடுக்காவிட்டால் அணி நீக்கம். நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் ஐயா, எங்கள் பக்கத்து மனிதர்கள் அமரர் ஊர்தியைப் பார்த்தால் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் மைலிலேயே டிராக்டர் ஓட்டி வந்தவர் ஓரம் கட்டித் தொப்பியைக் கழற்றினார். பால் வண்டி நின்றது. பெட்ரோல் நிலையத்தைத் தாண்டியதும் ஒரு கார் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு எங்கள் பின்னால் சேர்ந்தது, அதன் பின்னால் இன்னொன்று, ஏரித் திருப்பத்தில் எண்ணியபோது பதினோரு கார். அர்விட் ஹோம்குவிஸ்ட் போய்விட்டார் என்று யாரோ பெட்ரோல் நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள். நான் வேகமாகப் போகலாமே என்றேன். “துக்கத்துக்கு வந்தவங்களை விட்டுட்டு ஓடறதா? அவங்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியுமில்ல” என்று சொல்லிவிட்டு அத்தை வேகத்தை இன்னும் குறைத்தார்.

அப்போதுதான் துணை ஷெரிப் டேரல் கோஸ்கியின் வண்டி விளக்கைச் சுழற்றிக்கொண்டு எங்களை மறித்தது. அவர் சின்ன வயதில் தேவாலய ஞாயிறு வகுப்பில் அத்தையிடம் படித்தவர். இறங்கியதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். பிறகு எதற்கு நிறுத்தினோம் என்பது ஞாபகம் வந்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“டீச்சர், உள்ள யாரு?”

“பதினாலு பேரு. பேரு வாசிக்கட்டுமா?”

யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள், தன் கடமை, மன்னிக்க வேண்டும், ஒன்றிரண்டு பையைத் திறந்து காட்டினால் போதும் என்று அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். ஒன்றிரண்டு பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று அத்தை பின்கதவைத் திறந்தார். பூட்டு, கயிறு, பக்கிள், ஜிப். டேரல் துப்பாக்கியை மடக்கிப் பார்த்தார். சுண்டுவிரலை விடச் சொன்னார் அத்தை. மூன்றாவது பையில் டேரலுக்கு வியர்த்துவிட்டது.

“டீச்சர், எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு.”

“நம்பிக்கை ஞாயித்துக்கிழமைக்கு. இன்னிக்கு சனிக்கிழமை. அடுத்தத எடு.”

பதினான்கையும் பார்த்து, திரும்பக் கட்டி முடிக்க முப்பத்தைந்து நிமிடம். எனக்குக் கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பின்னால் நின்றவர்களுக்குப் பொறுமை போய், திருமதி தியா லுண்டீன் எலுமிச்சைப் பலகாரத் தட்டோடு இறங்கி வந்தார். அர்விட் கடைசியில் கஷ்டப்பட்டாரா என்று கேட்டார். நேற்று முதியோர் இல்லத்துக் காபி சரியில்லை என்றுதான் கஷ்டப்பட்டார், மற்றபடி சௌக்கியம் என்றார் அத்தை. உள்ளே இருப்பவை பள்ளிப் பிள்ளைகளின் துப்பாக்கிகள் என்று தெரிந்ததும் எல்லோர் முகத்திலும் சந்தோஷமும் ஏமாற்றமும் சரிபாதியாக இருந்தன. விதைப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேனே என்றார் ஒருவர். இப்போது திரும்பிப் போனால் வீட்டில் என்ன சொல்வது என்றார் இன்னொருவர். முடிவில் பதினோரு காரும் சுடுகளத்துக்கே வந்தன. எட்டு ஐம்பத்தாறுக்குப் பெயர் கொடுத்தோம். எங்கள் அணிக்காக இவ்வளவு பேர் கைதட்டியது அதுவே முதல் முறை. இருபத்தைந்து தட்டில் நான் ஒன்பதைச் சுட்டதற்கும் தட்டினார்கள்.

கிளம்புவதற்கு முன் டேரல் தன் குறிப்பேட்டில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். “பதினான்கும் சோதிக்கப்பட்டன. அனைத்தும் சட்டப்படி. இவ்வளவு ஒழுங்காக ஏற்றப்பட்ட வண்டியை இதுவரை கண்டதில்லை.” ஐயா, இந்த வரிகள்தான் தங்கள் பத்திரிகையில் இல்லை. இடப் பற்றாக்குறை என்று தாங்கள் சொல்லலாம். வாத்துக்கு ஏழு வரி கொடுத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. தகவல் கொடுத்தவர் யார்? பதினான்கு என்று எண்ணிச் சொன்னவர் வெளியாளாக இருக்க முடியாது. அவர் முதுகில் குத்துபவர், கோழை, நன்றி கெட்டவர், பொறாமைக்காரர், முகத்தைக் காட்டத் துணியாதவர் என்று எழுத என் கை கூசவில்லை. ஜிப் பிய்ந்த பையின் சொந்தக்காரன் மீது எனக்குச் சந்தேகம் உண்டு; ஆறு நாளாக அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். ஆகவே வரும் வியாழன் இதழில் விடுபட்ட வரிகளையும், அந்த ஆளின் பெயரையும் தாங்கள் வெளியிட வேண்டும். பள்ளிக் குழுவினர் ஓர் ஈமச் சேவைக்காரரைப் பற்றிய மூன்றரை வரியைப் படித்துவிட்டு வாக்களிக்கக் கூடாது. சட்டம் கேட்பது ஒரு பங்கு என்றால் நான்கு பங்கு செய்கிறவரை இந்த மாவட்டத்தில் நான் வேறு பார்த்ததில்லை.

தங்கள் முழங்காலும், தங்கள் மனைவியாரின் தக்காளி நாற்றும் நன்றாகத் தேற வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் வாசகி,
லின்னியா ஓஸ்ட்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஊர்தியின் திரைச்சீலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ‘கோழை’ என்ற இடத்தில் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “அன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு, சமையல்கட்டுலேர்ந்து நான்தான் போன் பண்ணேன். பேரும் நம்பரும் குடுத்துத்தான் பண்ணேன்” என்றார். ஏன் என்று கேட்டேன். “பள்ளிக் குழு கேக்கும்னு தெரியும். நான் ஒழுங்குன்னு நானே சொன்னா அது விளம்பரம். டேரல் எழுதுனா அது பதிவு.” ஆகவே ஐயா, மேலே உள்ள வசவுகளைத் தாங்கள் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தையும் அச்சிட வேண்டாம். ட்ரெண்டிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்; நான் பேசாமல் இருந்ததையே அவன் கவனிக்கவில்லையாம். தகவல் கொடுத்தவரின் பெயரை வெளியிட வேண்டும் என்று நான் கேட்டதை மட்டும் அத்தை அடிக்க விடவில்லை. டேரலின் வரிகளுக்குக் கீழேயே அதைப் போடச் சொல்கிறார், கெர்டா ஓஸ்ட்பி என்று முழுதாக, முடிந்தால் எழுத்துப்பிழை இல்லாமல்.