மாமனார் இடுப்பில் ஒரு டீ பெல்ட்

எனக்கு ஒரு வியாதி உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்தத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா, "தயிரு ஏன்பா இப்டி புளிச்சுப் போச்சு?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டால்கூட, பாக்டீரியாவின் பிறப்பு வளர்ப்பில் தொடங்கி, அவர் வேறு பாலுக்கு உறை ஊற்றி அது தோயும்வரை பேசிக்கொண்டிருப்பேன். பயோடெக்னாலஜி படித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்குப் போனால் இப்படித்தான் ஆகும். படித்த படிப்பு உள்ளேயே கிடந்து அரிக்கும். (எங்கம்மா சொல்வது: "இவன் படிச்சதெல்லாம் வாய் வழியா ஒழுகிக்கினு இருக்குது.")

அந்த அரிப்பைத் தீர்த்துக்கொள்ள எனக்கு ஓர் இடம் கிடைத்தது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் என் நண்பன் கார்த்தி ஹேக்கர்ஸ்பேஸ் ஒன்று நடத்தினான். தறிகளுக்கு எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் பார்க்கிறவன். யார் வேண்டுமானாலும் வந்து, எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம் என்பதுதான் அங்கே விதி. ஜன்னலோர மூலை என்னுடையது. கிருமி நீக்கப் பிரஷர் குக்கர், கிருமி வளர்க்கத் தெர்மாகோல் பெட்டிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பு, பழைய வெப்கேமராவைக் கவிழ்த்துச் செய்த மைக்ராஸ்கோப். பலகையில் 'ஹேக்கர்' என்று இருந்ததால் தெருவில் பலர் நாங்கள் பேங்க் கணக்கைத் திருடுகிறோம் என்றே நம்பினார்கள். ஒருவர் ரகசியமாக மாடியேறி வந்து, மச்சான் போனைத் திறந்து தர முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சுபத்ரா அங்கேதான் அறிமுகமானாள். ஓரிக்கை தாண்டிப் பாலாற்றைக் கடந்தால் வரும் ஒரு கிராமத்துச் சமணக் குடும்பத்துப் பெண். பள்ளிக்கூட டீச்சர். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு மைக்ராஸ்கோப் செய்து காட்டக் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டை வைத்துக் காட்டினேன். திரையில் நெளிந்தவற்றைப் பார்த்துவிட்டு, "எங்கப்பா இதப் பாத்தார்னா அப்புறம் தண்ணியே குடிக்க மாட்டாரு" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அது ஓர் எச்சரிக்கை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. காதல் மட்டும்தான் உறைத்தது.

விஷயம் அவள் வீட்டுக்குப் போனபோது, ஜாதி ஜாதகம் பற்றியெல்லாம் அவள் அப்பா கேட்கவில்லை. ஒரே ஒரு தடைதான் சொன்னார். நாங்கள் பட்டு நெய்கிற வீடு. அவர்கள் ஊரில் எல்லாரும் விசேஷத்துக்குப் பட்டு கட்டுகிறவர்கள்தான். அவர் மட்டும் கட்டுவதில்லை. புழுவைக் கூட்டோடு கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்த நூல் தன் உடம்பில் படக் கூடாது என்று இருப்பவர். அந்த நூலில் சோறு தின்கிற வீட்டுக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது என்பது அவருடைய கவலை. இருந்தாலும் மனிதர் நல்லவர். "பையன ஒரு தடவ வரச் சொல்லு, பாத்துப் பேசலாம்" என்று சுபத்ராவிடம் சொல்லியிருந்தார்.

அந்த ஒரு தடவையில் அவரை மடக்கிவிட வேண்டும். என்ன கொண்டு போகலாம் என்று யோசித்தபோது சுபத்ரா ஒரு தகவல் சொன்னாள். வேட்டிக்கு மேல் கட்டும் பை வைத்த அகலமான பெல்ட்தான் அவருக்கு எல்லாம். தோல் தொடமாட்டார் என்பதால் ரெக்சினில் வாங்குவார். அது உரிந்து உரிந்து வேட்டியெல்லாம் பச்சைச் செதிலாக உதிரும்.

எனக்குள் பல்பு எரிந்தது (ஜீரோ வாட் என்பது பின்னால்தான் தெரிந்தது). டீத்தண்ணீரில் சர்க்கரை போட்டு, அதற்கென்றே இருக்கும் ஒரு வகைக் கிருமியை விட்டு மூடி வைத்தால், மேலே தடிமனாக ஒரு படலம் கட்டும். இளநீர் வழுக்கை மாதிரி இருக்கும். எடுத்துக் காயவைத்தால் அசல் தோல் போலவே ஆகும். மாடு சாகாது, புழு சாகாது. பட்டு வீட்டுப் பையன் கையால் ஓர் அஹிம்சை பெல்ட். இதைவிட ஒரு மருமகன் என்னதான் செய்துவிட முடியும்?

துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பில் படலம் வளர்த்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களெல்லாம் புளித்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். படலத்தைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கொதிக்கவைத்து, மொட்டை மாடியில் காயவைத்து, மெழுகு தேய்த்து, பை வைத்துத் தைத்து, பக்கிள் மாட்டினேன். "தண்ணில நனைச்சு ஒரு தடவ டெஸ்ட் பண்ணுடா" என்றான் கார்த்தி. "சக்கர போற வரைக்கும் இன்னும் ரெண்டு தடவ அலசு" என்றும் சொன்னான். விடிந்தால் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு அலசப் பொறுமையில்லை.

அவர் பெல்ட்டை வாங்கித் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"தோலாபா?"

"தோலே இல்ல சார். ஒரு உயிருக்கும் தொந்தரவு கெடயாது."

முகம் அப்படியே மலர்ந்தது. ரெக்சினை அவிழ்த்து வைத்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டவர் கழட்டவேயில்லை. பம்ப் செட், வேர்க்கடலைக் கொல்லை, மாட்டுக் கொட்டகை என்று உச்சி வெயிலில் என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டினார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "தம்பி செஞ்சது" என்று இடுப்பைக் காட்டினார். நான் மனசுக்குள் பத்திரிகையே அடித்துவிட்டேன்.

திரும்பி வந்து முருங்கை மரத்தடியில் சாய்ந்து நின்றபடி அவர் கேட்டார். "அது சரி, இத எப்டிபா செஞ்ச?"

"டீயும் சர்க்கரையும்தான் சார்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் நின்ற சுபத்ரா இருமிக்கூடக் காட்டினாள்.

"டீ எப்டிபா பெல்ட்டு ஆவும்?"

"டீ ஆகாது சார். உள்ள பாக்டீரியா இருக்குது, கோடிக்கணக்குல. ஒவ்வொண்ணும் நூல் விடும். கோடி நெசவாளிங்க ராப்பகலா நெய்ஞ்ச துணின்னு வெச்சுக்குங்களேன்."

"அதுங்கல்லாம் உசுரா?"

"உசுருதான் சார். திங்கும், வளரும், பெருகும்."

சுபத்ராவுக்கு இருமல் அதிகமானது. அவள் அம்மா தண்ணீர் எடுத்து வந்தார்.

"இப்ப அதுங்க எங்க?"

"கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்துட்டேன் சார். ஒண்ணுகூட தப்பிச்சிருக்காது." பிஸ்கட் கம்பெனியில் தரச் சான்று கொடுக்கும் அதே கம்பீரத்தோடு சொன்னேன்.

"மேல பளபளன்னு இருக்குதே?"

"தேன்மெழுகு சார்."

சுபத்ராவின் இருமல் நின்றுவிட்டது. தேனையே தொடாத வீடு அது. கூட்டைக் கொதிக்கும் தண்ணீரில் போடுகிறார்கள் என்றுதானே பட்டு வீட்டுக்குத் தயங்கினார். நான் பட்டுப்புழுவை விட்டுவிட்டுக் கிருமிகளைக் கோடிக்கணக்கில் கொதிக்கவைத்து, அதை அவர் இடுப்பிலேயே கட்டிவிட்டிருந்தேன்.

அவர் பக்கிளில் கை வைத்தார். கழலவில்லை. வெயிலில் வழிந்த வேர்வையை எல்லாம் குடித்து பெல்ட் ஊறி உப்பி, மறுபடியும் வழுக்கையாகி இடுப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அலசாமல் விட்ட சர்க்கரை வேலையைக் காட்டியது. முருங்கை மரத்திலிருந்து எறும்புகள் சாரை சாரையாக அவர் தோள் வழியே இறங்கின.

வேறு யாராக இருந்தாலும் உதறித் தட்டி வேட்டியை அவிழ்த்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவர் அசையவில்லை. அசைந்தால் நசுங்கிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பது போல் நின்றார். சுபத்ராவின் அம்மா ஓடிப்போய்ச் சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து, அவர் காலடியிலிருந்து வேலிவரைக்கும் கோலம் மாதிரி ஒரு கோடு இழுத்தார். "இங்க வாங்கடா கண்ணுங்களா, இங்க வாங்க" என்று எறும்புகளைக் கெஞ்சினார். சுபத்ரா முந்தானையால் மெல்ல விசிறி விசிறி விலக்கினாள். நான் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அப்போதுதான் ஒரு பெரிய கட்டெறும்பு அவர் பின்னங்கழுத்தில் ஏறிக் கொடுக்கைப் பதித்தது. அவர் கண்ணில் நீர் முட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவில்லை. கைதான் போனது. பளாரென்று ஒரு அடி.

மாடுகூட அசைபோடுவதை நிறுத்தியது. பெண் கேட்டுப் போன வீட்டில், பெண்ணின் அப்பாவைப் பிடரியில் அறைந்திருந்தேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கையத் தெறந்து காட்டு தம்பி" என்றார். காட்டினேன். உள்ளங்கையில் அது கிடந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. சுபத்ரா இனி எனக்கு இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது.

"பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுப் போப்பா" என்றார் அவள் அம்மா. சாப்பிட்டேன். குனிந்த தலை நிமிராமல் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன் (போதும் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை).

அடுத்த வாரம் முழுக்க அவர் வீட்டில் யாரோடும் பேசவில்லையாம். "கணக்குப் போட்டுக்கினு இருக்காரு" என்றாள் சுபத்ரா போனில். "ஓரறிவு உசுரு கோடி. மூணறிவு உசுரு, அந்த எறும்பு, ஒண்ணு."

எல்லாவற்றுக்கும் காரணமான டப்பைச் சாக்கடையில் கொட்டிவிடுவது என்று நானும் கார்த்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிப்படி இறங்கினோம். கீழே டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பெல்ட். திருப்பிக் கொடுத்துவிட்டு, வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறார்.

"இன்னாபா அது?"

"பெல்ட்டு செஞ்ச டப் சார்."

"உள்ள இருக்கறதுங்க உசுரோடவா இருக்குது?"

"ஆமா சார்."

"எங்க எடுத்துக்கினு போற?"

"சாக்கடைக்கு."

என் வாழ்நாளில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்தியது அன்றுதான். அவர் மூடியிருந்த துணியை விலக்கி வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"இதுங்களுக்கு எப்ப எப்ப டீ ஊத்தணும்?"

"வாரா வாரம் சார்."

"பால் வாணாமா?"

"வாணாம் சார்."

"எம் பொண்ணக் கட்டிக்கப் போற கையால இன்னும் ஒண்ணு சாவக் கூடாது. மேல தூக்கினு போ. ஒரு வருஷம் இதுங்களக் காப்பாத்து. அப்புறம் வூட்டுக்கு வா."

கார்த்திதான் முதலில் திரும்பிப் படியேறினான். டப்பின் மறுபக்கத்தைப் பிடித்தபடி நானும் பின்னால் ஏறினேன்.

அந்த வருஷம் முழுக்க டீ போட்டேன். பாலாற்றுக்கு அந்தப் பக்கமிருந்து டிவிஎஸ் எந்த ஞாயிறு வரும் என்று தெரியாது. வந்தால் முதலில் டப்பைத் திறந்து பார்ப்பார். வருஷம் முடிந்ததும் கல்யாணம் நடந்தது. பட்டைத் தவிர வேறெதையும் தறியில் ஏற்றாத என் அப்பா, முணுமுணுத்துக்கொண்டே, மருமகளுக்குப் பருத்தியில் முகூர்த்தப் புடவை நெய்தார்.

படலம் இன்றும் வளர்கிறது. வளர்ந்ததைக் கொட்ட முடியாது என்பதால் ஒரு டப் இரண்டாகி, இரண்டு நாலாகி, வீட்டில் படுக்க இடம் குறைந்துகொண்டே வருகிறது. நாங்கள் மூடி போட்ட பாத்திரத்தில் ஒரு பங்கு படலத்தோடு வருவதைப் பார்த்தால் சொந்தக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

ஆனால் விசேஷ வீடுகளில் என்னை விடமாட்டார்கள். "இவருதான் மாமனார அறைஞ்சு பொண்ணு கட்டுனவரு" என்றுதான் புதியவர்களுக்கு அறிமுகமே நடக்கும். பந்தியே சிரிக்கும். மாமனார் மட்டும் சிரிக்க மாட்டார். இலையிலிருந்து நிமிர்ந்து, என் மேல் பழி வரக் கூடாது என்ற அக்கறையோடு, ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு விளக்குவார்: "என்ன அடிச்சத நான் அன்னிக்கே மன்னிச்சிட்டேன்பா. அந்த எறும்பு மன்னிச்சுதான்னுதான் தெரியல."