தண்ணி அண்ணனும் முத்திரை வைத்த கேனும்

கொழும்பிலேயே தேநீர்கூடத் தொடாத ஒரே மனிதருக்குத்தான் நாங்கள் 'தண்ணி அண்ணன்' என்று பெயர் வைத்திருந்தோம்.

ஒருகொடவத்தையில் நான் கிளார்க்காக இருந்த லொறிக் கம்பனியில், நுவரெலியாவிலிருந்து குதிரைகளைக் கூட்டிவந்து களைப்பாற்றுவது அவர் வேலை. இறக்கியதும் கயிற்றைத் தளர்த்தித் தலையைக் குனிய விடுவார். மெல்ல நடத்துவார். வயிற்றில் காதை வைத்துக் கேட்பார். குடல் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாகக் குதிரையின் லத்தி விழும்வரை யாரும் சத்தம் போடக்கூடாது. விழுந்ததும் ஆபீசுக்குள் வந்து, பிள்ளை பிறந்த செய்திபோல அறிவிப்பார். மலைநாட்டுக் குதிரை கொழும்புக் குழாய்த் தண்ணீரை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் ஊர்த் தண்ணீரும் கேன்களில் கூடவே வரும்.

வெள்ளவத்தையிலிருந்து புது மனேஜர் வந்த அன்று காலை, லொறியில் வந்துகொண்டிருந்த அண்ணனின் அழைப்பை ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன்.

"தம்பி, தண்ணியோடதான் வாரேன்! தண்ணி இல்லாட்டி நம்ம வேலை ஓடாது!"

மனேஜர் நிமிர்ந்தார். "உந்த மனுசன் டியூட்டியில குடிக்கிறவரோ?"

"இல்ல சேர், குதிரைதான் குடிக்கிறது."

"குதிரைக்கும் பழக்கிப்போட்டாரோ!"

லொறி வந்ததும் மனேஜர் கேன்களையெல்லாம் வடிகானில் ஊற்றச் சொன்னார். ஒன்றை மட்டும் முத்திரை வைத்து, சாட்சிப் பொருளாகத் தன் அலுமாரியில் பூட்டினார். "ஒருக்கா மோந்து பாருங்கோவன் சேர்" என்றேன். விசாரணைக்கு முன் மோப்பது முறையல்லவாம். அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை நான்தான் டைப் செய்தேன்.

மத்தியானமாகியும் குதிரை ஒரு வாய் குடிக்கவில்லை. லத்தியும் இல்லை. வயிற்றிலிருந்து காதை எடுத்த அண்ணனின் கண் கலங்கியிருந்தது.

"உள்ள சத்தமே இல்லீங்க சார். இப்பிடியே விட்டா செத்துப்போயிருங்க."

மனேஜருக்கு வியர்த்தது. "இன்னும் ஒரு கேன் இருக்குத்தானே?"

"அது சாட்சிப் பொருள், சேர்."

முத்திரையை அவரே உடைத்தார். குதிரை சாட்சியை ஒரு சொட்டு விடாமல் குடித்தது. ஒரு மணி நேரத்தில், "விழுந்திட்டுது! விழுந்திட்டுது!" என்று ஆபீசுக்குள் ஓடிவந்தவர் சாட்சாத் மனேஜர்தான். கடிதத்தைக் கிழித்துவிட்டு, 'சாட்சிப் பொருள் குதிரையால் அருந்தப்பட்டது' என்று எழுதி ஃபைலை மூடினார்.

எல்லோரும் கலைந்த பிறகுதான் அண்ணனின் உதடு வெடித்திருந்ததைக் கவனித்தேன்.

"நீங்க தண்ணி குடிச்சீங்களா அண்ணே?"

"அது குடிக்காம நான் எப்பிடித் தம்பி குடிக்கிறது?"

குழாய்த் தண்ணீரை ஒரு கிளாசில் பிடித்துக் கொடுத்தேன். தலையைக் குனிந்து, மெல்ல மெல்லக் குடித்தார். கடிதத்தை அடித்த என் கையைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவர்மேல் சொல்லத் தெரியாத பாசமும் வந்தது. கிளாஸ் காலியாகும்வரை, சத்தம் போடாமல் பக்கத்திலேயே நின்றேன்.