தோல் நிபுணர் பிரேம்நாத்

காலையில் இட்லித் தட்டோடு உட்கார்ந்த பிரேம்நாத்தின் கைபேசியில் ஒரு முதுகு வந்து இறங்கியது. முதுகு முழுக்கப் படர்தாமரை. கீழே ஒரு வரி: “டாக்டர், ஒரே அரிப்பு. இன்னா தடவலாம்?”

பிரேம்நாத் இட்லியைத் தள்ளி வைத்தான்.

அவன் டாக்டர் இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் அசார்ட்டர். பதப்படுத்திய தோலைத் தடவிப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்துப் போடுகிற வேலை. இருபது வருஷமாக நின்றுகொண்டே செய்ததில் கால் நரம்பெல்லாம் சுருண்டுவிட்டது. மேனேஜராகித் தனி அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். அதற்குமேல் அவனுக்கு ஆசையில்லை, அதை நினைத்தாலே கண் கலங்கும்.

ஏற்றுமதிப் பிரிவு சுஹேல் அகமதுதான் வழி சொன்னான். “வேல தெரிஞ்சா மட்டும் பத்தாதுண்ணா. ஆன்லைன்ல பேரு இருக்கணும். பெர்சனல் பிராண்ட்.”

லிங்க்ட்இன்னில் பிரேம்நாத் பேரில் சுஹேலே கணக்குத் திறந்தான். அசார்ட்டர் என்றால் யாருக்கும் புரியாதாம். தமிழில் கம்பீரமாக ‘தோல் நிபுணர், இருபது ஆண்டு அனுபவம்’ என்று போட்டான். படத்துக்குத் தொழிற்சாலை லேபிலிருந்து வெள்ளைக் கோட்டு இரவல் வாங்கினான். வீட்டு விலாசத்தையும் விடவில்லை. அன்றிலிருந்து முதுகுகள் வரத் தொடங்கின.

“அவ்ளோதானா? மாத்திட்லாம்ண்ணா,” என்ற சுஹேல், ‘ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் மட்டும்’ என்று சேர்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரி வீட்டில் அழைப்பு மணி அடித்தது. மனைவி மேகலா கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

“ஏங்க, உங்களப் பாக்க ஆடு வந்துருக்குது.”

கலவையிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவந்திருந்தார் ஒருவர். ஆட்டுக்குச் சொறி. அது அதற்குள் மேகலாவின் செம்பருத்தியைப் பாதி தின்றிருந்தது.

“உயிரோட இருந்தா நான் பாக்கறதில்லீங்க,” என்றான் பிரேம்நாத். “உரிச்ச பின்னாலதான் பாப்பேன்.”

அவர் ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வண்டியேறினார். சாயங்காலமே ‘ஈவு இரக்கமில்லாத மனுஷன்’ என்று பிரேம்நாத்தின் பக்கத்தில் எழுதிவிட்டார்.

“நெகடிவ் வந்தா பாசிட்டிவால அடிக்கணும்ண்ணா,” என்ற சுஹேல் உட்கார்ந்து எழுதினான்: ‘எந்தத் தோலையும் நான் வெறுத்ததில்லை. ஒவ்வொரு தழும்புக்குப் பின்னாலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.’

அது முள்கம்பியில் கீறிக்கொண்ட ஒரு மாட்டைப் பற்றியது. ஆயிரக்கணக்கானோர் விரும்பினார்கள். சிலர் அழுததாகச் சொன்னார்கள். முதுகுகளோடு இப்போது முழங்கால்களும் வந்தன.

“அந்தக் கணக்க மூடித் தொலைங்க. ஒரே பேஜாரா இருக்குது,” என்றாள் மேகலா. அவன் மூடப்போன சமயத்தில்தான் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றிலிருந்து ‘தோல் நிபுணர் தேவை’ என்று நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

கேள்வி கேட்டவர் அஃப்ஷா மேடம். ஆள் எடுக்கும் பிரிவுக்குச் சென்னையிலிருந்து புதிதாக வந்தவர்.

“ஒரு நாளைக்கு எத்தனை பார்ப்பீங்க?”

“ஐந்நூறு வரைக்கும் பாப்பேன் மேடம்.”

மேடம் நிமிர்ந்தார். “அவ்வளவு எப்படி முடியும்?”

“பெஞ்ச்சு மேல போட்டு ஒரு தடவு. அப்படியே திருப்பி இன்னொரு தடவு. கையே சொல்லிடும்.”

“பூஞ்சை இருந்தா?”

“தனியா வெச்சிடுவேன். இல்லாட்டி மத்ததுக்கும் பரவிடும்.”

“இங்க லேடீஸ்தான் ஜாஸ்தி. பரவாயில்லையா?”

“லேடீஸ், ஜென்ட்ஸ், கிட்ஸ், எல்லாம் பாத்துருக்கேன் மேடம்.”

மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அங்கேயே ஆர்டர் கொடுத்தார். தனி அறை, நாற்காலி, மேலே மின்விசிறி. பிரேம்நாத் பழைய வேலைக்கு முழுக்குப் போட்டான். சுஹேலுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.

முதல் நாள், ஆம்பூரில் அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். சுகமாக இருந்தது. மேகலாவுக்குப் போன் போட்டான்.

“உக்காந்துட்டேன் மேகலா,” என்றான்.

அப்போது அறையைக் கூட்டிப் பெருக்கும் சவுரியம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“மொதலாளி சட்டயக் கழட்டிட்டு பெஞ்ச்சு மேல குப்புறப் படுத்துனு இருக்காரு, வந்து தடவிப் பாக்கறீங்களா டாக்டர்?”