சொந்தமாகாத ஒரு வாடிக்கையாளர்

மலைநாட்டில் ‘எந்தத் தோட்டம்’ அண்ணனுக்குச் சொந்தமில்லாத மனிதர் இன்னும் பிறக்கவில்லை. அப்படி ஒருவர் பிறந்திருந்தாலும், ஒரு கப் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அண்ணன் அவரை மச்சானாக்கிவிடுவார்.

கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து, ஹட்டனில் என் போட்டோகொப்பிக் கடைக்கு மேல்மாடியில் தொழில் ஆலோசனை நிலையம் திறந்திருந்தார். சின்னக் கடைகளும் கெஸ்ட் ஹவுஸ்களும் நட்டமில்லாமல் நடக்க வழி சொல்வார். கெட்டிக்காரர்தான். ஆனால் வழி கேட்க ஆள் வர வேண்டுமே? அதற்காகவே கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா ஒன்றையும் விடமாட்டார். சட்டைப் பையில் விசிட்டிங் கார்டு கட்டாக இருக்கும்.

கார்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். “நீங்க எந்தத் தோட்டம்?” என்று ஆரம்பிப்பார். அடுத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எந்த டிவிஷன், எந்த லயத்து வீடு. நாலாவது கேள்வியில் எதிரில் நிற்பவர் அத்தை மகனுக்குச் சம்பந்தியாகியிருப்பார். சம்பந்தியிடம் எப்படிக் கட்டணம் கேட்பது? வலப்பனைக் கடைக்காரர் ஒருவர் பணத்தோடுதான் வந்தார். திரும்பும்போது பணமும் அப்படியே இருந்தது, கையில் அண்ணி கட்டிக்கொடுத்த சோத்துப் பார்சலும் இருந்தது.

ஒருநாள் அண்ணியே மாடி ஏறி வந்துவிட்டார்.

“மாசக் கடைசிக்குள்ள காசு குடுக்கிற ஒருத்தரக் காட்டுங்க. இல்லன்னா பழைய கொழும்பு வேலைக்கே போயிருங்க. இன்னும் கூப்புட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க.”

“காட்டுறேன் புள்ள.”

“மாமன் மச்சானக் காட்டாதீங்க.”

அண்ணன் போய்விட்டால் என் கடையில் பேச்சுச் சத்தமே இருக்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் நானுஓயாவில் கெஸ்ட் ஹவுஸ் வைத்து, அறைகள் நிரம்பாமல் தவித்துக்கொண்டிருந்தார். அவரை வரச்சொல்லி, படியிலேயே நிறுத்திச் சொன்னேன்: “எந்தத் தோட்டம்னு கேப்பாரு. கொழும்புன்னு சொல்லிருங்க. வேற ஒன்னும் சொல்லிறாதீங்க.”

துணைக்கு நானும் மேலே போனேன்.

“நீங்க எந்தத் தோட்டம்?”

“கொழும்புங்க.”

“சரி, அப்பா எந்தத் தோட்டம்?”

“அவரும் கொழும்பு.”

“அம்மா?”

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“அம்மாவும் கொழும்புதாங்க.”

அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. ஹட்டன் குளிரில், அதுவும் மழை நாளில். வேறு வழியில்லாமல் தொழிலைப் பற்றிப் பேசினார். கட்டணத்தையும் சொன்னார். வந்தவர் முன்பணம் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் கொழும்பு வேலைக்குத் திரும்பும் பேச்சு அதோடு முடிந்தது. அண்ணன் முகத்தில்தான் களையே இல்லை.

“நல்ல மனுசன்பா. இந்தப் பக்கம் ஒரு சொந்தமும் இல்லியே. ஒரு நல்லது கெட்டதுன்னா யாரு இருக்கா அவருக்கு?”

நான் மெல்லக் கீழே என் கடைக்கு இறங்கிவிட்டேன்.

தீபாவளியன்று காலை, பஸ் ஸ்டாண்டில் அண்ணன் நனைந்துகொண்டு நின்றார். கையில் பலகாரத் தூக்குச்சட்டி.

“எங்கண்ணே இந்த மழையில?”

“நானுஓயாவுக்கு. பாவம், அந்த மனுசன் தனியா இருப்பாரு.”

அந்த வீட்டில் சொந்தக்காரர்களாகவே பதினொரு பேர் என்று எனக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை. பஸ் வந்ததும் முந்திக்கொண்டு ஏறி, அவருக்கு ஜன்னலோரமாக ஒரு சீட் பிடித்துக் கொடுத்தேன்.