பயிற்சிக் காரின் பின் சீட்டு

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் உன் மகனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி நலம், மகள் ரொம்ப ரொம்ப நலம், காரின் பின்விளக்கு மட்டும் உடைந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் சொல்ல வேண்டிய வார்த்தைகளை வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

விஷயம் இதுதான். என் மகளின் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு ஒரு நர்ஸை வைத்துப் பயிற்சி கொடுத்து, ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க அனுப்புகிறார்கள். என்ன பாடம், கணக்கா, பூகோளமா? உடம்பு, காதல், வேண்டாம் என்று சொல்வது எப்படி, பிள்ளை உண்டாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி. வாத்தியார்கள் வகுப்புக்குள் வரவே கூடாதாம். பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்களாம். அந்தச் சிலரில் நம் வீட்டுத் திருமகளும் ஒருத்தி. வெள்ளிக்கிழமைக்குள் நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு ஒத்திகையை ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டில் அவள் அம்மாவின் தையல் மெஷின் சத்தம். அதனால் பள்ளி விட்டதும் என் டிரைவிங் ஸ்கூல் காரில் பின் சீட்டில் ஏறிக்கொண்டு அங்கேயே பாடத்தைச் சொல்லிப் பார்க்கிறாள். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் ரொட்டிக்கடைக்காரர். ஆள் வாட்டசாட்டம், ஆனால் எதிரே சைக்கிள் வந்தாலே கண்ணை மூடிக்கொள்வார். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் நான் மிதிப்பதற்கு என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நேற்று அவர் தடுமாறவே இல்லை அக்கா. பின்னால் இவள் "கர்ப்பம்" என்றாள், நான் மிதித்துவிட்டேன்.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை. போங்க."

அடுத்த தெருவில் "மாதவிடாய்" என்றாள். மறுபடியும் மிதித்தேன். அந்த மனுஷன் வியர்த்து வழிந்து, தனக்கு இந்த ஜென்மத்தில் லைசென்ஸ் கிடையாது என்று முடிவுகட்டிவிட்டார். ரவுண்டானாவில் "ஆணுறை" என்று கணீரென்று சொன்னாளே, இரண்டு காலாலும் மிதித்தேன். பின்னால் வந்த வேன் வந்து இடித்தது.

போக்குவரத்துப் போலீஸ்காரர் ஓடிவந்து, யார் பிரேக் போட்டது என்றார். நான்தான் என்றேன். குறுக்கே யாராவது வந்தார்களா என்றார். யாரும் வரவில்லை என்றேன். பிறகு ஏன் போட்டாய் என்று கேட்டதும் நான் குனிந்து பிரேக்கைப் பார்த்தேன். என் மகள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஆணுறைன்னு சொன்னேன் சார். அப்பாவுக்குக் கால் தன்னால போயிடுச்சு" என்று நடந்ததை நடந்தபடி ஒப்பித்தாள்.

அவர் பின் ஜன்னல் பக்கம் குனிந்தார். "எந்த ஸ்கூல்மா?" என்றார். சொன்னாள். "என் பொண்ணு அங்கதான் ஒன்பதாவது. அவ கிளாசுக்கும் வருவியா?"

"அப்பா கையெழுத்துப் போட்டா வருவேன் சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு, அபராதம் போட்டிருந்தால்கூட சந்தோஷப்பட்டிருப்பேன்.

சாப்பிடும்போது கத்தினேன். "இதெல்லாம் சொல்லிக்குடுத்தா செஞ்சு பார்க்கத்தானே தோணும்?"

"முதல் நாளே கிளட்ச், பிரேக், மோதினா என்ன ஆகும்னு எல்லாம் சொல்லித்தர்றீங்களேப்பா. அதுக்காக எல்லாரும் போய் மோதுறாங்களா?" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "என் பக்கத்துல உட்காருவாளே, நீளம் தாண்டுறவ. வயித்துல குழந்தையோட ஸ்கூலை விட்டு நின்னுட்டா. ஒரு தடவைன்னா ஒண்ணும் ஆகாதுன்னு அவகூடப் பழகின பையன் சொன்னானாம். அப்படியாடின்னு எங்கிட்டதான் கேட்டா. எனக்கும் தெரியலைப்பா. ஆமான்னுதான் நினைக்கிறேன்னு சொல்லிட்டேன்."

தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். அந்தப் பெண் நம் வீட்டு வாசற்படியில் கால் வைத்து ஏறியதே இல்லை, தாண்டித்தான் உள்ளே வருவாள். நான் அந்த வாசற்படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன் அக்கா.

இருந்தாலும் நான் தகப்பன். நாலு பேர் என்ன பேசுவார்கள்? நீ சொன்னால் அவள் தட்ட மாட்டாள். உடனே போன் போட்டு, இந்த வேலை வேண்டாம் என்று கண்டித்துச் சொல். அத்தானுக்கு என் வணக்கம். உன் மகனுக்கு என் ஆசீர்வாதம். நன்றாகப் படிக்கட்டும், நல்லவனாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இரண்டு காலும் வலிக்கும் உன் தம்பி

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம். இதை ஒட்டுவதற்குள் ரொட்டிக்கடைக்காரர் வந்துவிட்டார். பாப்பா பின் சீட்டில் இல்லாவிட்டால் வண்டியில் ஏற மாட்டாராம். வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறார், பாடம் முடிவதற்குள் வேன் இடித்துவிட்டதாம், மீதி தெரிய வேண்டுமாம். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் மகன் நல்லவனாக இருக்கட்டும் என்று மேலே வாழ்த்தியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் அது மட்டும் போதாது. அந்தப் பையனையும் யாரோ அப்படித்தான் வாழ்த்தியிருப்பார்கள். உன் மகனுக்குத்தான் பதினெட்டு ஆகிவிட்டதே, சனிக்கிழமை அனுப்பிவை. மாமா கார் ஓட்டச் சொல்லித் தருகிறார் என்று சொல். பொய்யில்லை, அதையும் சொல்லித் தருவேன். பின் சீட்டில் அவள் இருப்பாள். என் கால் பிரேக் பக்கமே போகாது.