சிட்டிபாபுவின் வயிற்றுப் பட்டையைக் கழற்ற ஆகும் செலவு

சேலையூர்,
கிழக்குத் தாம்பரம்,
31.8.1998

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சான் பொன்னுரங்கம் அவர்களுக்கு, லோகநாதன் வணக்கத்துடன் எழுதுவது.

நானும் தங்கள் தங்கை செல்லியம்மாளும் இங்கு நலம். சிட்னியில் தாங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க மாடம்பாக்கம் ஈசுவரனை வேண்டிக்கொள்கிறோம். இந்த வீட்டில் நலமில்லாதவர் என்று எவரும் இல்லை. ஆனால் பசியோடு ஒருவர் இருக்கிறார். அவர் தங்கள் தம்பி சிட்டிபாபு. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடும் வேகத்துக்கு என்னால் ஓர் உதாரணம்கூட முழுதாகச் சொல்ல முடியாது. ஆகவே கடிதம்.

இரண்டு வருடத்துக்கு முன் சிட்டிபாபு தங்களோடு சிட்னியில் இருந்தபோது, நூற்றுப் பதினெட்டு கிலோ எடையில் எந்தப் பெண் சம்மதிப்பாள் என்று கவலைப்பட்டு, தங்கள் செலவில் அவன் இரைப்பையைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை போட வைத்தீர்கள். தாங்கள் அறிந்ததுதான். இருந்தாலும் முப்பத்து நான்கு வருடம் அறிவியல் பாடம் நடத்திய வாய் சும்மா இராது. உதாரணமாக, ஒரு தலையணை உறையை எடுத்து மேலே கால்வாசியில் ஒரு நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். பஞ்சை அமுக்கினால் மேலே உள்ள கால்வாசிதான் நிறையும், அதற்குள் உறை “போதும்” என்று சொல்லிவிடும். அப்படித்தான் தங்கள் தம்பியும் நான்கு வாய் சாப்பிட்டதும் “போதும்” என்கிறான். ஒவ்வொரு வாயையும் முப்பது முறை மெல்லவும் வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சில் நின்றுகொள்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆங்கிலத் தாளை நான் ஒரு வரி விடாமல் படித்து, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது எழுபத்தாறு கிலோ, பார்க்க லட்சணமாக இருக்கிறான். ஆனால் மச்சான், கல்யாணம் நடக்க வேண்டும் என்று போட்ட பட்டை கல்யாணத்துக்கே குறுக்கே படுத்துக்கொண்டுவிட்டது.

சென்ற 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கத்தில் துளசிங்கம் வீட்டில் பெண் பார்த்தோம். துளசிங்கத்தைத் தங்களுக்குத் தெரிந்திருக்கும், ஏரிக்கரை நிலத்தை மனை போட்டு விற்றவர். பெண் பெயர் ரமா, வயது முப்பத்து மூன்று, சேலையூர் மின்வாரிய அலுவலகத்தில் பணம் கட்டும் கவுன்டரில் வேலை. சிட்டிபாபு பார்த்தான், அவளும் பார்த்தாள், இரண்டு பேருக்கும் பிடித்தது. பெரியவர்களும் சரி என்றோம். சரி என்ற பிறகுதானே பெண் வீட்டில் கை நனைப்பது. உடனே இலை போட்டார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, கோழி வறுவல், நெஞ்செலும்பு ரசம், நான்கு வடை, பால் பாயசம், மேலே ஒரு வாழைப்பழம். பரிமாறியது துளசிங்கத்தின் அக்கா அஞ்சம்மாள். அந்த அம்மாள் கரண்டியை எடுத்தால் ராணுவம் நகர்வதுபோல் இருக்கும். சிட்டிபாபு நான்கு வாய் சாப்பிட்டான். முப்பது முறை மென்றான். மெல்லும்போதெல்லாம் எதிரே கதவருகில் நின்ற ரமாவைப் பார்த்துக்கொண்டே மென்றான். பிறகு நெற்றி வியர்க்க, “போதுங்க” என்றான். இலை அப்படியே இருந்தது, தேர்வு எழுத வந்தவன் பெயர் மட்டும் எழுதி வைத்த தாள் மாதிரி.

அஞ்சம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். “இன்னாபா இது, மாப்ள குருவி கணக்கா கொறிச்சிகினு கீறாரு. பொண்ணு வோணான்னா வாயத் தொறந்து சொல்லட்டும். சோத்து மேல காட்டுனா இன்னா அர்த்தம்?”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கிளம்பும்போதே தங்கள் தங்கை என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். “ஆம்பளைக்கு ஆபரேஷன் நடந்திருக்குன்னு வாயத் தொறந்தீங்க, குடும்பக் கட்டுப்பாடுன்னு முடிவு பண்ணிடுவாங்க. அப்புறம் உங்க தலையணை உறையை வெச்சிகிட்டு நீங்களே உக்காந்துக்குங்க” என்றாள். எனக்கு வந்த உதாரணத்தை முழுங்கிக்கொண்டு, பையனுக்கு லேசாகக் காய்ச்சல் என்று ஒரு பொய் சொன்னேன். அஞ்சம்மாள் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார்.

மறுநாள் துளசிங்கத்திடமிருந்து தகவல். செப்டம்பர் 13 ஞாயிறு நிச்சயதார்த்தம். புரட்டாசி பிறந்தால் கறி கிடையாது என்பதால் அதற்கு மேல் தள்ள முடியாதாம். அன்றைக்குப் பங்காளிகள் எல்லோரும் இருக்கும்போது மாப்பிள்ளை இலையை முடித்து எழுந்தால் தாம்பூலம் மாற்றுவது, இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பது. இதைச் சொன்னதும் தங்கள் தம்பி என் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். “மாமா, நூத்திப் பதினெட்டு கிலோ இருந்தப்போ எல்லாரும் என்னப் பாத்து சிரிச்சாங்க. இவ ஒருத்திதான் என்னப் பாத்துட்டு தனக்குள்ள சிரிச்சா. இத கழட்டிடலாம் மாமா” என்றான். அந்தச் சைக்கிளிலேயே செலவு விசாரிக்கக் கிளம்பினேன்.

முதலில் ஊருக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ஏ.சி.யில் உட்கார வைத்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று சொன்னார்கள். விவரம் கேட்டேன். அறைக்கு இவ்வளவு, தியேட்டருக்கு இவ்வளவு, மயக்க மருந்து டாக்டருக்கு இவ்வளவு, கடைசி வரியில் எதிர்பாராத செலவு பதினைந்தாயிரம். எதிர்பாராததை எப்படி ஐயா இவ்வளவு சரியாக எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு அந்தப் பெண் அடுத்த டோக்கனை அழைத்துவிட்டாள். இரண்டாவது, ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் ஒரு நர்ஸிங் ஹோம். அறுபத்தைந்தாயிரம். டாக்டர் நல்லவர், ஆனால் இதை இதுவரை புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாராம், ஆபரேஷனை வீடியோ எடுக்க அனுமதி கேட்டார். தங்கள் தங்கை, வீடியோ எடுத்தால் ஒரு காப்பி நமக்கும் தருவார்களா என்றாள். மூன்றாவது இடம் ஒரு சந்துக்குள். நாற்பதாயிரம், கழற்றிய பட்டையை அவர்களிடமே விட்டுவிட்டால் இரண்டாயிரம் தள்ளுபடி. பழைய குக்கருக்குப் புதுக் குக்கர் கொடுக்கிறவர்கூட இவ்வளவு வெளிப்படையாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பட்டை அடுத்தாற்போல் யார் வயிற்றுக்குப் போகுமோ என்று நினைத்து வந்துவிட்டேன். விடை தெரியாவிட்டால் நடுவில் உள்ளதற்கு டிக் அடிக்காதே என்று முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளைத் திட்டினவன், நடுவில் உள்ளதற்கு டிக் அடித்துவிட்டேன்.

கிழக்குத் தாம்பரத்திலேயே தனசிங் என்று ஒரு டாக்டர் இருக்கிறாரே, அவரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அவன் என் மாணவன். ஒன்பதாம் வகுப்பில் ஜீரண மண்டலப் படம் வரையச் சொன்னதற்கு இரைப்பையைச் சுரைக்காய் மாதிரி வரைந்தான் என்று பதினேழு மார்க் போட்டு, ஒரு பீரியட் முழுக்கப் பெஞ்சு மேல் நிற்க வைத்தேன். இப்போது அவனிடமே ஓர் இரைப்பையோடு எப்படிப் போவது?

இதற்கு நடுவில் சென்ற வெள்ளிக்கிழமை மின்கட்டணம் கட்டப் போனேன். கவுன்டருக்குள் ரமா. என் வெள்ளை அட்டையை வாங்கியவள் ரசீது போடாமல், “சார், அவருக்கு என்னதான் சார் பிரச்சினை? என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடலாம். அத்தை வீட்ல என்னைக் கரிச்சுக் கொட்றாங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது. சத்தியம் தங்கள் தங்கைக்குச் செய்தது, ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்வது என் ரத்தத்தில் இருக்கிறது. அட்டையைத் திரும்ப வாங்கி, பின்பக்கம் இரைப்பையை வரைந்து, பட்டை எங்கே இருக்கிறது என்று அம்புக்குறி போட்டு விளக்கி, அதை ஆபரேஷன் செய்து கழற்றப் போவதையும் சொன்னேன். எனக்குப் பின்னால் இருபது பேர். ஒருவர், “பெர்சு, பில்லு கட்ட வந்தியா, பாடம் நடத்த வந்தியா?” என்றார். ஆனால் தலையணை உறைக்கு வந்தபோது அவரே எட்டிப் பார்த்து, அப்போ தண்ணி குடிச்சா எறங்குமா சார் என்று சந்தேகம் கேட்டார். நல்ல சந்தேகம், பாராட்டினேன். ரமா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கு முன்னாடி வந்த ஏழு பேரும் வழிச்சுச் சாப்பிட்டுட்டு, லெட்டர் போடறோம்னு போனாங்க சார். ஒருத்தர்கூட இலையிலேர்ந்து தலையைத் தூக்கல. இவரு மட்டுந்தான் மென்னுகிட்டே என்னைப் பாத்தாரு. எனக்காக வயித்தைக் கிழிச்சுக்க வேணாம்னு சொல்லுங்க.”

வரிசையில் நின்ற மாடம்பாக்கத்துக்காரர் ஒருவர், “நீ சொல்லுவம்மா, அஞ்சம்மா அக்கா ஒத்துக்குமா?” என்றார். அத்தோடு வரிசையில் பாதிப் பேர் வயிற்றைத் தடவிக்கொண்டார்கள். மாடம்பாக்கத்தில் அந்த அம்மாள் கையால் சாப்பிடாதவர் இல்லை போலும்.

ரமா சொன்னதை வீட்டுக்கு வந்து சிட்டிபாபுவிடம் சொன்னேன், அவன் மனம் மாறுவான் என்று. “அவ அப்படியா சொன்னா? அப்போ நாளைக்கே கழட்டிடுங்க மாமா” என்றான். காதலுக்கு உதாரணம் சொல்லச் சொன்னால் எனக்கு இனி வேறு வேண்டாம்.

ஆகவே மச்சான், வருகிற வெள்ளி, 4ஆம் தேதி ஆபரேஷன். அதற்குப் பிறகு ஒரு வாரம் கஞ்சி, 13ஆம் தேதி விருந்து. கணக்கு இடிக்காமல் வருகிறது. என் நிரந்தர வைப்பு நிதியை முறித்துப் பணம் கட்டுகிறேன். பட்டை போட்டவர் தாங்கள், அவிழ்ப்பவன் நான். ஆகவே பாதிச் செலவைத் தாங்கள் ஏற்றுக்கொண்டு, முப்பத்து இரண்டாயிரத்து ஐந்நூறு அனுப்பினால் நியாயமாக இருக்கும் என்று தங்கள் தங்கை கருதுகிறாள். நானும் கருதுகிறேன், ஆனால் அவள் சொன்னதாகவே எழுதச் சொன்னாள். கத்தி பட வேண்டியது அவன் உடம்பு என்பதை நினைத்தால் எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. தாங்களும் அங்கே ஒரு விளக்கேற்றி வையுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கமும், பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசியும், ஆங்கிலத்தில் மட்டும் பேசும் சின்னவனுக்கு என் தனிப்பட்ட முத்தமும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
அ. லோகநாதன்

பின்குறிப்பு (14.9.98): அஷ்டமி, நவமி பார்த்துத்தான் தபாலில் சேர்க்க வேண்டும் என்று தங்கள் தங்கை இந்தக் கடிதத்தைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்து மறந்துவிட்டாள். நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதில் பணம் சம்பந்தமான வரிகளைத் தயவுசெய்து அடித்துவிடவும்.

ஆபரேஷனுக்கு முதல் நாள், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து உள்ளூர் டாக்டர் ஒருவர் சான்றிதழ் தர வேண்டும் என்றார்கள். அவசரத்துக்கு வேறு யாரும் இல்லை. தனசிங்கிடமே போனேன். எழுந்து நின்று வணக்கம் சொன்னான். நான் சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட ஆங்கிலத் தாளைப் படித்தான். பிறகு அதைத் திருப்பினான். மச்சான், அந்தத் தாளுக்கு மறுபக்கம் இருந்தது. வினாத்தாளின் பின்பக்கம் பாருங்கள் என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். பட்டைக்குள் உப்புத் தண்ணீர் நிரப்பித்தான் இறுக்குவார்களாம், விலா எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் சின்னதாக ஒரு மூடி இருக்குமாம், ஊசி குத்தித் தண்ணீரை எடுத்தால் பட்டை தளர்ந்துவிடுமாம். சிட்டிபாபுவைக் கேட்டால், “அங்க மாசாமாசம் வயித்துல ஒரு ஊசி போட்டாங்க மாமா, சத்து ஊசின்னு நெனச்சேன்” என்கிறான்.

அந்த மூன்று ஆஸ்பத்திரியும் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க கழட்ட எவ்ளோன்னு கேட்டீங்க சார், அவங்க அதுக்குப் பதில் சொன்னாங்க. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க” என்றான் தனசிங். இரண்டு நாளில் அதற்கென்று உள்ள ஊசியை வரவழைத்து, அரை நிமிடத்தில் நான்கு மில்லி தண்ணீரை எடுத்துவிட்டான். ஒரு தேக்கரண்டிகூட இல்லை. மொத்தச் செலவு நாற்பது ரூபாய். அதையும் வாங்க மறுத்து, அந்தப் பதினேழு மார்க்கை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடச் சொன்னான். அவன் மருந்துச் சீட்டிலேயே முப்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நேற்று நிச்சயதார்த்தம் நடந்தது. தாம்பூலம் மாற்றியாயிற்று. ஐப்பசிக் கடைசியில் முகூர்த்தம், தாங்கள் குடும்பத்தோடு வந்தாக வேண்டும். சிட்டிபாபு இலையை முடித்தான். இரண்டாவது இலையையும் முடித்தான். மூன்றாவது முறை கறி கேட்டபோது அஞ்சம்மாள் சட்டியை ஒரு முறை, அவனை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார், பிறகு வெளியே வரவில்லை. கை கழுவும் இடத்தில், ரமா மூலம் விவரம் எல்லாம் தெரிந்துகொண்டிருந்த துளசிங்கம் என்னை ஓரமாக அழைத்து, “வாத்யாரே, அந்தத் தண்ணிய திருப்பி ஊத்த இன்னா செலவு ஆவும்?” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் இன்று காலை ரமாவே வீட்டுக்கு வந்துவிட்டாள். “சார், நேத்து அவரு ஒரு தடவைகூட இலையிலேர்ந்து தலையைத் தூக்கல” என்றாள். சிட்டிபாபு தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானை அவிழ்த்து, ஊசிக்கு தனசிங்கிடம் எப்ப போகணும் என்று கேட்டான்.

ஆகவே மச்சான், பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். நான்கு மில்லி ஊற்றினால் நான்கு வாய். இலையும் ஓரளவு முடிந்து, இடையிடையே அவளையும் பார்ப்பதற்கு எத்தனை மில்லி என்பதை மட்டும் அங்குள்ள டாக்டரிடம் கேட்டு உடனே எழுதவும். செலவு நாற்பது ரூபாய்தான், அதை நானே போட்டுக்கொள்கிறேன்.