ஏரிக்குப் போர்த்திய தார்ப்பாய்

மன்னரையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிற வழக்கம் பொன்னாங்குறிச்சி நாட்டில் உண்டு. ஆளும் கட்சியின் சின்னம் ஊதாப்பூ. அயல்தேசம் போயிருந்த மன்னர், அங்கே குளத்தில் மிதந்த அந்தப் பூவைப் பார்த்து மயங்கி, ஒரு செடியைக் கொண்டுவந்து பெரிய ஏரியில் விட்டார். ஏரி அதற்கு ரொம்பவே பிடித்துப்போய்விட்டது. கரையிலிருந்து கரைக்குப் பரவியது. படகு நகரவில்லை, வலை விழவில்லை, மீனவர் வீடுகளில் அடுப்பு எரிவதே அபூர்வமாயிற்று.

அந்நியச் செடி என்று பதிவானால்தான் அரசு ஆட்கள் வந்து அள்ளுவார்கள். பதிவுசெய்யும் உத்தியோகம் தையல்நாயகிக்கு. அதே ஏரிக்கரையில் பிறந்தவள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, உப்பிய காம்பைக் கீறி உள்ளே இருந்த பஞ்சைப் பார்த்தாள். மேலிதழின் மஞ்சள் பொட்டைப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. எழுதி அனுப்பினாள்.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. தேர்தல் அதிகாரி ஆவுடைநாதர் அவளை அழைத்தார்.

“அம்மணி, ஊதா நிறம், மஞ்சள் பொட்டு என்றெல்லாம் வர்ணித்திருக்கிறீர்கள். இது பிரசாரம்.”

“ஐயா, வேற எப்படிங்க அடையாளம் சொல்றது?”

“பூவைக் குறிப்பிடாமல் சொல்லுங்கள். அதுவரை பதிவு நிறுத்தம். தவிர, தேர்தல் விதிப்படி சின்னங்களை மூடியாக வேண்டும். இது ஏரி முழுக்க அல்லவா பூத்திருக்கிறது!”

ஏரி முழுவதையும் கறுப்புத் தார்ப்பாயால் மூடினார்கள். தூண்டில் போடக்கூட இடமில்லை.

அவளுடைய சித்தப்பா அஞ்சப்பன், கவிழ்த்துப்போட்ட படகின்மேல் உட்கார்ந்திருந்தார். “அள்ளச் சொல்லி எழுதுனா போர்த்திவிட்டுட்டுப் போறாங்களே தையலு! குளிருதுன்னா சொல்லுச்சு?” என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தேர்தல் முடிந்தது. மன்னரே மறுபடியும் வென்றார். தார்ப்பாயை உருவினால், பச்சையே இல்லை! வெயில் படாமல் செடி மொத்தமும் அழுகிப்போயிருந்தது. நாற்றம் ஊரையே தூக்கியது. கரையில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு மழை பெய்து தண்ணீர் தெளிந்ததும் வலைகள் இறங்கின. வீட்டுக்கு வீடு விரால் குழம்பு கொதித்தது. தையல்நாயகி வயிறாரச் சாப்பிட்டாள், மனசாரவும்.

அப்புறம் வெற்றி விழா. மன்னர் ஏரிக்கரைக்கு எழுந்தருளி, “நம் சின்னம் இல்லாத ஏரியைக் கண்டு உள்ளம் கலங்கினோம்” என்று தழுதழுத்தார். அரண்மனைக் குளத்திலிருந்து வண்டி வண்டியாக வந்த ஊதாப்பூச் செடிகளைத் தம் கையாலேயே தண்ணீரில் விட்டார்.

ஆவுடைநாதர் தையல்நாயகியிடம் கனிவாகச் சொன்னார்: “இப்போது தாராளமாகப் பதிவு செய்யுங்கள், அம்மணி. இவை அரண்மனையிலேயே பிறந்தவை. மண்ணின் செடி என்று எழுதிவிடுங்கள்.”

அஞ்சப்பன் படகைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துப் போட்டார். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்:

“தையலு, அடுத்த எலெக்‌ஷன் எப்பம்மா?”